குறிப்பேடு வளர்த்த அறிஞர்

மின்சாரத்திற்கும் வேதிமாற்றத்திற்கும் உள்ள தொடர்பை ஆராயும் துறை மின்வேதியியல் எனப்படும். கைப்பேசியின் மின்கலம், வெள்ளி முலாம் பூசிய தட்டு, அலுமினியப் பானை ஆகிய மூன்றும் இத்துறை நமக்குத் தந்த பயன்களே. இத்துறைக்கு அடிப்படை விதிகளை வகுத்தவர் மைக்கல் ஃபாரடே. அவர் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அல்லர். கேட்டதையும் கண்டதையும் கவனமாக எழுதி வைக்கும் பழக்கமே அவருக்குப் பெருந்துணையாக இருந்தது.

ஃபாரடே 1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இலண்டனின் தென்பகுதியில் பிறந்தார். அவருடைய தந்தை ஒரு கொல்லர். அவர் அடிக்கடி நோய்வாய்ப்பட்டதால் வருமானம் குறைந்தது. நான்கு பிள்ளைகள் கொண்ட அக்குடும்பத்தை வறுமை வாட்டியது. 1801ஆம் ஆண்டில் ஒரு ரொட்டியை ஒரு வாரம் முழுவதும் வைத்து உண்ண வேண்டிய நிலை சிறுவர் ஃபாரடேக்கு ஏற்பட்டது. எழுதவும் படிக்கவும் எளிய கணக்குகளைப் போடவும் கற்றுக்கொண்டதோடு அவருடைய பள்ளிப்படிப்பு முடிந்தது.

பதின்மூன்று வயதில் அவர் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு அதே கடையில் புத்தகம் கட்டும் தொழிலைக் கற்கத் தொடங்கினார். அப்பயிற்சி ஏழு ஆண்டுகள் நீடித்தது. கட்டுவதற்காக வந்த நூல்களை அவர் கட்டியதோடு நின்றுவிடவில்லை. அவற்றைப் படிக்கவும் செய்தார். கலைக்களஞ்சியம் ஒன்றில் மின்சாரத்தைப் பற்றிய கட்டுரை அவரைக் கவர்ந்தது. ஜேன் மார்செட் என்னும் அம்மையார் எழுதிய வேதியியல் நூல் அவருக்கு மற்றொரு வாயிலைத் திறந்தது. நூலில் இருப்பதை அவர் அப்படியே நம்பிவிடவில்லை. கையிலிருந்த சில்லறைக் காசுகளில் பொருள்களை வாங்கி, சோதனைகளைத் தாமே செய்து பார்த்த பிறகுதான் ஏற்றுக்கொண்டார். பிற்காலத்தில் புகழ்பெற்ற பிறகும் தம் கட்டுரைகளை அந்த அம்மையாருக்கு நன்றியுடன் அனுப்பி வைத்தார்.

1812ஆம் ஆண்டு அவருடைய வாழ்வில் திருப்புமுனையாக அமைந்தது. இலண்டனில் உள்ள ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் அறிவியல் நிலையத்தில் ஹம்ப்ரி டேவி உரையாற்றி வந்தார். பொட்டாசியம், சோடியம் ஆகிய உலோகங்களை மின்சாரத்தின் துணையால் முதன்முதலில் பிரித்தெடுத்த பேரறிஞர் அவர். கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், டேவியின் நான்கு உரைகளைக் கேட்பதற்கான நுழைவுச்சீட்டுகளை ஃபாரடேக்குக் கொடுத்தார். ஃபாரடே ஒவ்வோர் உரையையும் குறிப்பெடுத்தார். வீட்டில் அவற்றை விரிவாக எழுதினார். கருவிகளின் படங்களையும் வரைந்தார். பிறகு தாம் கற்ற தொழிலைக் கொண்டு அத்தாள்களை அழகிய நூலாகக் கட்டினார்.

அறிவியல் பணியில் சேர விரும்பிய அவர், முதலில் ராயல் சொசைட்டி என்னும் அறிவியல் கழகத்தின் தலைவருக்குக் கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. மனம் தளராமல், தாம் கட்டிய குறிப்பு நூலை டேவிக்கு அனுப்பினார். டேவி அதைப் பாராட்டினார். ஆயினும் வேலை காலியாக இல்லை என்பதால் புத்தகத் தொழிலை விட்டுவிட வேண்டாம் என்று அறிவுறுத்தினார். சில வாரங்களில் ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். டேவிக்கு அந்தக் குறிப்பு நூலின் நினைவு வந்தது. 1813ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் ஃபாரடே அந்நிலையத்தில் உதவியாளர் ஆனார்.

அதே ஆண்டு டேவியோடு ஐரோப்பியப் பயணம் மேற்கொள்ளும் வாய்ப்புக் கிடைத்தது. ஆனால், டேவியின் பணியாள் உடன்வர மறுத்ததால் அவருடைய வேலைகளையும் ஃபாரடே செய்ய நேர்ந்தது. டேவியின் மனைவி அவரை வேலைக்காரராகவே நடத்தினார். இடையிலேயே ஊர் திரும்பிவிடலாமா என்றுகூட ஃபாரடே எண்ணினார். எனினும் பொறுத்துக்கொண்டார். மின்கலத்தை உருவாக்கிய வோல்ட்டா போன்ற அறிஞர்களை அப்பயணத்தில்தான் அவர் நேரில் கண்டார்.

நாடு திரும்பிய பின் அவருடைய திறமை வெளிப்பட்டது. 1821இல், மின்சாரம் பாயும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழல்வதைச் செய்து காட்டினார். ஆனால், முன்பே இதுபோன்ற முயற்சியில் ஈடுபட்டிருந்த மற்றோர் அறிஞரின் பெயரைத் தம் கட்டுரையில் அவர் குறிப்பிடவில்லை. அதனால் பிறருடைய எண்ணத்தைத் தமதாக்கிக் கொண்டார் என்ற பழிச்சொல் எழுந்தது. ராயல் சொசைட்டியில் உறுப்பினராக அவருடைய பெயர் முன்மொழியப்பட்டபோது, அதன் தலைவராக இருந்த டேவியே எதிர்த்தார். கைதூக்கி விட்டவரே தடையாக நின்றது ஃபாரடேக்கு வேதனை அளித்தது. இருப்பினும் 1824ஆம் ஆண்டு நடந்த வாக்கெடுப்பில் ஒரே ஓர் எதிர்வாக்கு மட்டும் விழ, அவர் உறுப்பினர் ஆனார். இதன் பிறகும் டேவியிடம் அவர் கொண்டிருந்த நன்றியுணர்வு குறையவில்லை.

1831இல் காந்தத்தைக் கொண்டு மின்சாரம் உண்டாக்க முடியும் என்பதை ஃபாரடே கண்டறிந்தார். அடுத்து அவருடைய கவனம் மின்னாற்பகுப்பின் பக்கம் திரும்பியது. ஒரு கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் அதிலுள்ள பொருள் பிரிகிறது என்பது முன்பே தெரிந்திருந்தது. ஆனால், எவ்வளவு மின்சாரத்திற்கு எவ்வளவு பொருள் பிரியும்? இக்கேள்விக்கு அவர் அளந்து அளந்து விடை தேடினார்.

மின்சாரத்தின் அளவு இருமடங்கானால் பிரியும் பொருளும் இருமடங்காகும் என்பது அவர் கண்ட முதல் விதி. ஒரே அளவு மின்சாரம் வெவ்வேறு பொருள்களை அவற்றின் சமான எடைக்கு ஏற்பவே பிரிக்கும் என்பது இரண்டாம் விதி. இன்றைய கணக்கின்படி, 1 கிராம் ஹைட்ரஜனை வெளியேற்றும் மின்சாரம் ஏறத்தாழ 32 கிராம் செம்பையோ 108 கிராம் வெள்ளியையோ படிய வைக்கும். இவ்விதிகளால் மின்வேதியியல், ஊகத்தை விட்டுக் கணக்கில் நிற்கும் அறிவியலாக மாறியது.

அவர் எதிர்கொண்ட மற்றொரு சிக்கல் சொற்களைப் பற்றியது. கரைசலில் இறக்கப்படும் உலோகத் தகடுகளை அக்கால அறிஞர்கள் துருவங்கள் என்று அழைத்தனர். காந்தம் இரும்பை இழுப்பதுபோல் அவை பொருள்களை இழுக்கின்றன என்ற எண்ணத்தை அச்சொல் ஊட்டியது. ஃபாரடேயின் சோதனைகளோ அதற்கு மாறான முடிவைத் தந்தன. தவறான சொல் தவறான சிந்தனைக்கு வழிவகுக்கும் என்பதை உணர்ந்த அவர், புதிய சொற்களைத் தேடினார். கிரேக்க மொழி அறியாத அவர், அறிந்தவர்களிடம் கேட்கத் தயங்கவில்லை. கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெல் 1834இல் ஆனோடு, கேத்தோடு, அயன் ஆகிய சொற்களைப் பரிந்துரைத்தார். அயன் என்பதற்குச் செல்வது என்று பொருள். இவற்றையே நாம் தமிழில் நேர்மின்வாய், எதிர்மின்வாய், அயனி என்கிறோம்.

கடும் உழைப்பு அவருடைய உடல்நலத்தைப் பாதித்தது. 1839ஆம் ஆண்டு வாக்கில் தலைசுற்றலும் மறதியும் அவரை வருத்தத் தொடங்கின. ஆய்வுப் பணியைச் சில ஆண்டுகள் பெரிதும் குறைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. செய்ததே மறந்துபோகும் நிலையில், அவருடைய ஆய்வுக் குறிப்பேடுகளே நினைவாற்றலுக்கு ஈடாக நின்றன. 1832 முதல் ஒவ்வொரு பத்திக்கும் எண்ணிட்டு அவர் எழுதிய குறிப்புகள் 16,000ஐத் தாண்டின. வெற்றி பெற்ற சோதனைகளோடு தோல்வியுற்ற சோதனைகளும் அவற்றில் இடம்பெற்றன.

தாம் பெற்ற வாய்ப்பைப் பிறருக்கும் வழங்க ஃபாரடே விரும்பினார். இளையோருக்கான கிறிஸ்துமஸ் உரைகளை 19 முறை நிகழ்த்தினார். எரியும் மெழுகுவர்த்தி ஒன்றை வைத்துக்கொண்டே வேதியியலை விளக்கிய அவருடைய உரைத்தொடர் நூலாகவும் வெளிவந்தது. பட்டமும் பதவியும் தேடி வந்தபோது, எளிமையைப் போற்றிய அவர் ஏற்க மறுத்தார். தமக்கு ஒரு காலத்தில் கதவடைக்கப் பார்த்த ராயல் சொசைட்டியின் தலைவர் பதவியையும் அவர் ஏற்கவில்லை.

1867ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் நாள் ஃபாரடே காலமானார். மன்னர்களும் மேதைகளும் உறங்கும் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் இடம் வேண்டாம் என்று அவர் முன்பே விலகிக்கொண்டதால், ஹைகேட் கல்லறையில் எளிய முறையில் அடக்கம் செய்யப்பட்டார். மின்தேக்குதிறனை அளக்கும் அலகு அவருடைய பெயரால் ஃபாரட் என்று வழங்குகிறது. பணமும் பள்ளியும் துணைநிற்காத அச்சிறுவருக்கு முதல் கதவைத் திறந்தது, தம் கையால் எழுதி, தம் கையால் கட்டிய ஒரு குறிப்பு நூல். கற்க வேண்டும் என்ற ஆர்வமும் கற்றதைப் பேணும் ஒழுங்கும் இருந்தால், ஏழ்மையும் ஏளனமும் வழியை மறிக்க முடியாது என்பதற்கு அவருடைய வாழ்வே சான்றாகும்.