இடக்கை மிருதங்கம்: பழநி ஸ்ரீ சுப்பிரமணிய பிள்ளையவர்கள்

உத்ஸவ தினங்களில் பெருமாள் திருவீதி எழுந்தருளும்போது முன்னே நாதஸ்வரமும் தவிலும் முழங்கிச் செல்வதைப் பக்தகோடிகள் அனைவரும் அனுபவித்திருப்பார்கள். மல்லாரி முடிந்து தவில் வித்வான் தனியே வாசிக்கத் தொடங்கினால் ஸ்ரீபாதம் தாங்கிகளுங்கூட ஒரு கணம் மெய்மறந்து நிற்பதுண்டு. அவ்வேளையில் கூட்டத்தில் ஒருவர், இது பிறவியிலேயே வந்த வரம், கற்று வருவதன்று என்பார். அருகில் நிற்பவரோ, விடியற்காலையில் எழுந்து விடாமல் சாதகம் செய்தால் எவருக்கும் வரும் என்பார். இவ்வழக்கு எந்த ஊரிலும் தீர்ந்ததாக அடியேன் கேட்டதில்லை.

அலங்கார சாஸ்திரத்தார் இதே கேள்வியைக் கவிதையைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். முற்பிறவி வாசனையால் வரும் பிரதிபை இல்லாதவருக்கும் கேள்வியாலும் முயற்சியாலும் வாக்தேவியின் அனுக்ரஹம் ஓரளவு சித்திக்கும் என்று தண்டி ஆசிரியர் காவ்யாதர்சத்தில் ஆறுதல் கூறினார். காச்மீரத்து மம்மடரோ காவ்யப்ரகாசத்தில் சக்தி, நிபுணதை, அப்யாஸம் என்னும் மூன்றும் சேர்ந்தே ஒரே காரணமாகும் என்று நிர்ணயித்தார். பாடசாலையில் இதைப் பயிலும்போது கவிகளையே உதாரணமாகச் சொல்லுவது வழக்கம். அடியேனுக்குத் தோன்றும் உதாரணம் ஒரு மிருதங்க வித்வானுடைய சரித்திரம்.

வைஷ்ணவ மலரில் பழநியம்பதி வித்வானுக்கு என்ன இடம் என்று சிலர் நினைக்கலாம். குருவாயூரப்பனையே தம் மூச்சாகக் கொண்டிருந்த ஒரு மஹாபாகவதர் இச்சரித்திரத்தின் நடுவே வருகிறார். அவ்வொரு காரணமே போதும்.

பழநி சுப்பிரமணிய பிள்ளையவர்கள் 1908ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தையார் முத்தையா பிள்ளை தாமே பேர்பெற்ற மிருதங்க வித்வான். புதுக்கோட்டை வழியைச் சேர்ந்தவர். அந்த வழியின் வரலாற்றையும் இங்கே சற்றுக் கூறவேண்டும். அதன் மூலபுருஷர் மாமூண்டியா பிள்ளை விளக்கு ஏந்தும் ஊழியத்தில் இருந்தவர் என்று சொல்லுவர். லயத்தில் கொண்ட ஆசையால் தவில் வித்வான் ஒருவரை அண்டிக் கற்று, பஜனைக் கோஷ்டிகளில் ஒலித்துக்கொண்டிருந்த வாத்தியங்களின் சாயலில் கஞ்சிராவை உருவாக்கிக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார் என்பது பிரஸித்தம். அவருடைய சிஷ்யர் தக்ஷிணாமூர்த்திப் பிள்ளை (1875–1936) புதுக்கோட்டை ஸமஸ்தானத்தில் காவற்பணியில் இருந்துவிட்டு ஸங்கீதத்துக்கு வந்தவர் என்பர். மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் அவருக்கு நிகர் அவரே. ஆக, பரம்பரை பரம்பரையாக மிருதங்கம் முழங்கிய வீட்டில் தோன்றியதன்று இவ்வழி. குலமும் வீடும் இல்லாதவர்களே அதற்கு வேராக நின்றார்கள்.

சுப்பிரமணியத்துக்கோ வீடு இருந்தது. கற்றுக்கொடுக்கத் தந்தை இருந்தார். காலை முதல் இரவு வரை காதில் விழச் சொற்கட்டுகள் இருந்தன. குறை ஒன்றே: குழந்தைக்கு இடக்கைப் பழக்கம். மிருதங்கத்தில் வலந்தலை என்பது கரணை இட்ட பக்கம். நுட்பமான சொற்களெல்லாம் அதிலேதான் பேசும். இடந்தலை என்னும் தொப்பி ரவையைப் பிசைந்து ஒட்டிக் கனமான நாதம் எழுப்பும் பக்கம். ஊரார் வலக்கையால் செய்வதை இச்சிறுவன் இடக்கையால் செய்ய வந்தான். தந்தையாருக்கு அது பிடிக்கவில்லை. இக்கை கச்சேரிக்கு உதவாது என்றெண்ணி, மூத்த குமாரருக்கே சிரத்தையுடன் பாடம் சொன்னார்.

இதற்காக முத்தையா பிள்ளையைக் குறை கூறுவது நியாயமன்று. தானம் கொடுப்பதும் தீர்த்தம் ஏற்பதும் வலக்கையால் என்று விதித்திருக்கும் நாட்டில் இடக்கைக் குழந்தையைத் திருத்த முயலாத வீடு எது? பாடசாலைகளிலும் அப்படித்தான். ஆயினும் தீர்த்தம் ஏற்பதற்கு ஒரு கை போதும், மிருதங்கத்துக்கு இரண்டு கையும் வேண்டும் என்பது அடியேனுடைய தாழ்மையான அபிப்பிராயம். மேலும் தந்தையாருடைய கவலை வெறும் ஆசாரத்தால் வந்ததன்று, தொழில் தெரிந்தவருடைய கவலை. அதன் காரணம் பின்னால் விளங்கும்.

சிறுவன் அண்ணனுக்கு நடக்கும் பாடத்தைக் கேட்டுக் கேட்டு, தனியே இருக்கும் வேளையில் தன் போக்கிலே வாசித்துப் பழகினான். தா, தீ, தொம், நம் என்று தொடங்கி முதற்காலம், இரண்டாங்காலம், மூன்றாங்காலம் என்று ஏறிச் செல்லும் பாடத்தை எதிரே குரு உட்கார்ந்து சொல்லித் தரும்போதே பலர் தவறவிடுகிறார்கள். காது வழியாக மட்டும் வாங்கிக்கொண்டு, கைகளை மாற்றிப்போட்டு வாசிப்பது எளிதா? இதை மம்மடருடைய மொழியில் சக்தி என்றே கூறவேண்டும். ஆனால் அந்தச் சக்திக்கு ஆகாரம் எங்கிருந்து கிடைத்தது? கற்றுக்கொடுக்க மறுத்த அதே தந்தையின் வீட்டிலிருந்துதான். லயமே தெரியாத வீடொன்றில் இக்குழந்தை பிறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கையில், பிறவி வரம் என்னும் கட்சியார் சற்று மௌனமாக இருப்பதே நலம். பிள்ளையின் தேர்ச்சியைக் கண்ட தந்தையார் பிற்பாடு மனம் மாறித் தாமே பாடம் சொல்லி வைத்தார். தக்ஷிணாமூர்த்திப் பிள்ளையவர்களுடைய வாசிப்பை சுப்பிரமணிய பிள்ளை தம் ஆதர்சமாக வரித்துக்கொண்டார்.

கச்சேரி மேடையில் பாடகருக்கு வலப்புறம் மிருதங்கம், இடப்புறம் வயலின் என்பது ஏற்பட்ட முறை. மிருதங்க வித்வான் பாடகரை நோக்கி உட்காரும்போது வலந்தலை ஸபையைப் பார்த்து அமையும். நாதம் ஜனங்களை நோக்கி வரும். இடக்கையால் வாசிப்பவர் அதே இடத்தில் அமர்ந்தால் வலந்தலை பின்சுவரைப் பார்க்கும். ஆகவே அவர் வயலின்காரர் அமரும் பக்கம் உட்காரவேண்டும், வயலின்காரர் எதிர்ப்பக்கம் செல்லவேண்டும். தம் இடத்தை விட்டுக்கொடுக்க வித்வான்கள் பலர் இசையவில்லை. இப்படி ஒருவரை அமர்த்திச் சிரமப்படுவானேன் என்று பாடகர்களும் ஒதுங்கினார்கள். வித்தை கைவந்தும் கச்சேரி வரவில்லை. தந்தையார் முன்னமே அஞ்சியது இதைத்தான்.

அப்போது கைகொடுத்தவர் செம்பை வைத்தியநாத பாகவதர். தம் கச்சேரிகளுக்கு சுப்பிரமணிய பிள்ளையையே வேண்டும் என்று கேட்டு அழைத்து, வயலின் வித்வான் இடம் மாறி உட்காரத்தான் வேண்டும் என்று உறுதியாக நின்றார். பெரியவருடைய வார்த்தையை யார் தட்டுவது? 1974ஆம் ஆண்டு பரமபதித்த அம்மஹானுடைய பெயராலேயே குருவாயூர் ஏகாதசியை ஒட்டி ஸங்கீதோத்ஸவம் நடைபெற்று வருகிறது. இளம் வித்வான்களைக் கைதூக்கி விடுவதில் அவருக்கிருந்த மனம் எல்லாருக்கும் வாய்ப்பதன்று. பாலக்காடு மணி ஐயர் (1912–1981) சிறு பிராயத்திலேயே மேடையேறிப் புகழடைந்ததிலும் செம்பையவர்களுடைய பங்கு உண்டு. மணி ஐயருடைய தந்தையார் பாகவதர், வலக்கை வாசிப்பு, தடையற்ற வழி. பிள்ளையவர்களுக்கு அப்படி எதுவும் அமையவில்லை. சாஸ்திரத்தார் எண்ணிய மூன்று காரணங்களோடு ஆதரிப்பவர் என்று நான்காவதாக ஒன்றையும் சேர்த்திருக்கலாகாதா என்று இவ்விடத்தில் தோன்றுகிறது.

இடம் கிடைத்தபின் பிள்ளையவர்களுடைய வாசிப்பைத் தடுத்து நிறுத்துவார் இல்லை. செம்பை, ஆலத்தூர் ஸகோதரர்கள், மதுரை மணி ஐயர், ஜி. என். பாலசுப்பிரமணியம் ஆகியோருடைய கச்சேரிகளில் அவர் மிருதங்கம் ஒலித்தது. கணக்கில் அசையாத உறுதி. உருப்படி பாடுகையில் அடக்கம். தனி ஆவர்த்தனத்தில் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகத் தெளிவு. ஆலத்தூரார் பல்லவிகளின் லய வேலைப்பாடு எத்தகையது என்பதை அறிந்தவர்களுக்கு அவர்களுக்கு வாசிப்பது என்றால் என்ன என்பது தெரியும். கஞ்சிராவிலும் அவர் நிபுணர். மணி ஐயர் மிருதங்கமும் பிள்ளையவர்கள் கஞ்சிராவுமாக அமைந்த கச்சேரிகளை ரஸிகர்கள் நெடுநாள் கொண்டாடினார்கள்.

எல்லாவற்றிலும் மேலாக ரஸிகர்கள் எடுத்துச் சொல்லுவது அவருடைய தொப்பியின் நாதத்தை, அதிலும் மணிக்கட்டால் தோலை அழுத்தி நாதத்தை வளைத்தெழுப்பும் கும்கியை. இங்கே பக்தர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிறருக்குத் தொப்பி இடக்கையில் இருக்கும். பிள்ளையவர்களுக்கு அது வலக்கையில். இயற்கை அவருக்கு வன்மையைக் கொடுத்தது இடக்கைக்கு. வலக்கை அவருக்குப் பழக்கமில்லாத கை. அந்தக் கையிலிருந்துதான் ஊர் உலகம் புகழ்ந்த தொப்பி நாதம் பிறந்தது. பிறவியில் வந்தது வலந்தலையில் பேசிற்று என்றால், தொப்பியில் பேசியதை எதன் கணக்கில் எழுதுவது? சாதகம் என்று எழுதுவதைத் தவிர அடியேனுக்கு வேறு வழி தெரியவில்லை.

பிள்ளையவர்கள் 1962ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் தேதி காலமானார். அறுபது வயதுகூட நிரம்பவில்லை. சென்னை மியூஸிக் அகாடமியின் ஸங்கீத கலாநிதி பட்டம் மிருதங்க வித்வான் ஒருவருக்கு முதன்முதலாக 1966இல் மணி ஐயருக்கே வழங்கப்பட்டது. அப்போது பிள்ளையவர்கள் இல்லை. அவரிடம் பயின்ற சிஷ்யர்களுள் ஒருவர் திருச்சி சங்கரன். 1942இல் பிறந்தவர், வலக்கை வாசிப்பவர். இடக்கைக் குருவின் எதிரே வலக்கைச் சிஷ்யன் அமர்ந்தால் கண்ணாடியில் காண்பது போல் கைகள் ஒத்து நிற்கும்; ஒரு காலத்தில் தந்தையார் கவலைப்பட்ட கை, பாடம் சொல்லுகையில் சௌகரியமாகவே அமைந்திருக்க வேண்டும். அவர் 1971இல் கனடா தேசத்து டொராண்டோ நகருக்குச் சென்று யார்க் ஸர்வகலாசாலையில் மிருதங்கம் போதித்தார். 2011ஆம் ஆண்டுக்குரிய ஸங்கீத கலாநிதி பட்டம் அவருக்குக் கிடைத்தது.