தோர்ணக்கல் அத்தியட்சர் அசரியா

காஜிப்பேட்டையிலிருந்து விஜயவாடா செல்லும் இருப்புப்பாதையில் தோர்ணக்கல் என்னும் சந்திப்பு உள்ளது. பத்ராசல யாத்திரை செல்லும் நம் காலனிக் குடும்பத்தார் பலர் அதனைக் கடந்திருப்பர். கிளைப்பாதை பிரியும் இடம் என்ற அளவில் அவ்வூர் நமக்குப் பழக்கம். திருநெல்வேலிச் சீமையின் தமிழர் ஒருவர் அம்மண்ணில் துயில்கின்றார் என்பதை அறிந்தோர் சிலரே.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874 ஆகஸ்டு 17ஆம் நாள் வெள்ளாளன்விளையில் பிறந்தார். தந்தையார் கிராமச் சபைக் குரு. அவரைச் சிறுவயதிலேயே இழந்த அசரியா, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றார். கணிதத் தேர்வு நெருங்கிய வேளையில் நோய் வந்து மடக்கிற்று. பட்டம் பெறாமலே வெளியேறினார். மெட்ரிகுலேஷனோடு நின்றுவிட்ட என்னைப் போன்றோருக்கு இச்செய்தி தனி ஆறுதல். 1920இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

1895 முதல் வாலிபர் கிறிஸ்தவச் சங்கத்தின் செயலாளராய் ஊர் ஊராய் அலைந்தார். 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர் தம் கைப்பொருளால் பிற ஊருக்கு ஊழியர் அனுப்புவதைக் கண்டு வெட்கமுற்றார். மறுவருடமே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரிச் சங்கம் தோன்றிற்று. அச்சங்கம் தேர்ந்த வயல், அன்றைய நிஜாம் ராஜ்யத்துத் தோர்ணக்கல் பகுதி. மற்றவரை அனுப்பிவிட்டுத் தாம் தங்கிவிட அவர் மனம் ஒப்பவில்லை. 1909இல் குருப்பட்டம் பெற்று, மனைவி அன்பு அம்மையாருடன் அங்குக் குடியேறினார்.

வயதோ முப்பத்தைந்து, தெலுங்கோ புதிது. அந்த வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கலானார். இந்நகரில் இருபதாண்டு வாழ்ந்தும் காய்கறிக்காரனிடம் பேசும் அளவோடு தெலுங்கை நிறுத்திக்கொண்ட நாம் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

அவரை நாடி வந்தோர் பெரும்பாலும் மாலர், மாதிகர் ஆகிய ஒடுக்கப்பட்ட கூலி மக்கள். கடன், காலரா, பஞ்சம் இவையே அவர்தம் சொத்து. ஞானஸ்நானம் பெற்றால் பண்ணையாரின் அடியும், வேலையிழப்பும் பலருக்குக் கூடுதலாய் வாய்த்தன. துன்பம் நீங்கிவிடும் என்று அசரியா அவர்களுக்கு வாக்களிக்கவில்லை. துன்பத்தினூடே கடவுள் உடனிருக்கிறார் என்றும், அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் எதிர்த்து நிற்க அவர்களால் இயலும் என்றும் ஊர்தோறும் போதித்தார். ஏழையிடம் கேட்கலாகாது என்றோர் வழக்கமான இரக்கம் உண்டல்லவா? அதனை அவர் ஏற்கவில்லை. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைச் சபைக்கென எடுத்து வைக்கும் பழக்கம் அவ்வூர்ப் பெண்களிடையே வேரூன்றியது. கையேந்தியே பழகியவர் கொடுப்போராயினர்.

அவர் தாமும் அவமதிப்பை அறிந்தவர். 1910இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில், வெள்ளையர் உழைப்பும் பொருளும் மிகத் தந்தும் இந்தியரைத் தோழராய் நடத்தவில்லை என்று முகத்துக்கு நேரே எடுத்துரைத்தார், பலர் முகஞ்சுளித்தனர். ஆங்கிலத் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சராக அவரை நியமிக்க முற்பட்டபோது, மேல்நாட்டாரிடமிருந்து மட்டுமன்றி நம்மவரிடமிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. அவர் வாதிடவில்லை. 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் அபிஷேகம் பெற்று, மாட்டுவண்டிப் பயணத்துக்கே திரும்பினார்.

தோர்ணக்கல் பேராலயம் எழும்பக் கால் நூற்றாண்டு ஆயிற்று. இடையே உலகப்போர்; பணமோ போதவில்லை. கோயில் தூணும் மசூதிக் குவிமாடமும் கலந்த அழகிய கட்டடம் அது. 1939 ஜனவரி 6ஆம் நாள் பிரதிஷ்டையாயிற்று. அதனை அவர் கண்ணாரக் கண்டார்.

மற்றொன்றைக் காணவில்லை. பிரிந்து கிடந்த சபைகளை ஒன்றாக்க 1919இல் தரங்கம்பாடியில் கூடிய கூட்டத்தில் முன்னின்றவர் அவர். கமிட்டி மேல் கமிட்டியாக, கடிதத்தின் மேல் கடிதமாக, இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் அப்பணியில் உழைத்தார். 1945 ஜனவரி முதல் நாள் தோர்ணக்கலில் காலமானார். தென்னிந்தியத் திருச்சபை சென்னையில் உதயமானது 1947 செப்டம்பர் 27ஆம் நாள். இரண்டே முக்கால் ஆண்டு பிந்திவிட்டது. தாம் எழுப்பிய பேராலயத்தின் அருகே அவர் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். அடுத்த முறை அவ்வழியே செல்வோர் இறங்கிப் பார்த்து வரலாம்.