சேர் அருணாசலமும் தொழிலாளரின் நட்டஈட்டு உரிமையும்

1924 ஆம் ஆண்டு ஜனவரி 9 ஆம் திகதி, தல யாத்திரை சென்றிருந்த மதுரை மாநகரில் சேர் பொன்னம்பலம் அருணாசலம் இவ்வுலக வாழ்வை நீத்தார். இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவர் என்றும், இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமெனக் குரல் கொடுத்தவர் என்றும் அவரை நாம் அறிவோம். ஏழைத் தொழிலாளருக்காக அவர் ஆற்றிய பணியோ அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. தொழிலில் ஊனமுற்றுக் கரை திரும்பும் கடலோடிகள் நட்டஈட்டுக்காக அலையும் நிலை இன்றும் இருப்பதால், அப்பணியை நினைவுகூர விரும்புகின்றோம்.

மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில், 1853 செப்டெம்பர் 14 ஆம் திகதி கொழும்பில் அருணாசலம் பிறந்தார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் இவருடைய தமையனார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிறைஸ்ற் கல்லூரியிற் பயின்ற இவர், 1875 இல் இலங்கைச் சிவில் சேவைக்குப் போட்டிப் பரீட்சையின் மூலம் தெரிவான முதல் இலங்கையரானார். நீதித்துறையிற் பணியாற்றிய பின்னர் பதிவாளர் நாயகமாகி, சீர்குலைந்து கிடந்த காணிப் பதிவு முறையைத் திருத்தியமைத்தார். 1901 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பை நடத்தி அவர் எழுதிய அறிக்கை, இன்றும் ஆய்வாளருக்குக் கருவூலமாக விளங்குகின்றது. எழுதி வைக்கப்படாத உரிமை வலியவன் கைக்குப் போய்விடும் என்பதை அவருடைய உத்தியோக வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.

தொழிலில் காயமுற்றவனுக்கு முதலாளி நட்டஈடு வழங்க வேண்டுமென்ற சட்டம் பிரித்தானியாவில் 1897 இல் இயற்றப்பட்டது. 1906 இல் அது கப்பல் மாலுமிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அதே முடியின் ஆட்சிக்குட்பட்ட இலங்கையிலோ, ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தை விட்டு ஓடிய தொழிலாளிக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஊனமுற்றவனுக்கு எசமானின் இரக்கமே கதியாக இருந்தது.

1913 இல் ஓய்வு பெற்ற அருணாசலம் வீட்டில் அமர்ந்து விடவில்லை. 1915 இல் இலங்கைச் சமூக சேவைக் கழகத்தை நிறுவி, வறியோரின் கல்விக்கும் மருத்துவ உதவிக்கும் பாடுபட்டார். 1919 இல் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தைத் தொடக்கினார். மலையகத்தைச் சேர்ந்த இளம் சட்டத்தரணி பெரி சுந்தரம் அதன் செயலாளரானார். தோட்டத் தொழிலாளரைக் கடனாற் கட்டிப் போட்டிருந்த துண்டு முறை 1921 இல் ஒழிக்கப்பட்டதில் இவர்களுடைய முயற்சிக்குப் பெரும் பங்குண்டு.

அருணாசலம் மறைந்து பத்தாண்டுகளின் பின், 1934 இல், தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இலங்கையில் நிறைவேறியது. அப்போது தொழில் துறைக்குப் பொறுப்பான அமைச்சர் அதே பெரி சுந்தரம் ஆவார். ஆசானின் வழியில் நின்ற மாணவனின் காலத்தில் அச்சட்டம் பிறந்தமை தற்செயலானதன்று என்றே நாம் கருதுகின்றோம். வேலையின் நிமித்தம், வேலை நேரத்தில் காயமேற்பட்டால், முதலாளியிடம் குற்றமிருந்ததென நிரூபிக்க வேண்டியதில்லை என்பதே அதன் சாரம். தருமம் உரிமையாக மாறிய தருணம் அது.

கடலிலோ அவ்வுரிமை இன்னும் முழுமை பெறவில்லை. வல்வெட்டித்துறை, ஊர்காவற்றுறை, மன்னார் ஆகிய துறைகளிலிருந்து தமிழரும் முஸ்லிம்களும் பாய்க்கப்பலேறிய காலம் போய், அவர்களுடைய பேரர்கள் பிறநாட்டுக் கொடி தாங்கிய கப்பல்களிற் பணிபுரிகின்றனர். 2006 ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயத்தை இலங்கை 2017 இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி, காயமுற்ற மாலுமியின் மருத்துவச் செலவை ஏற்பதும், நீண்டகால ஊனத்துக்கும் மரணத்துக்கும் நட்டஈடு வழங்க நிதி உத்தரவாதம் வைத்திருப்பதும் கப்பல் உரிமையாளரின் கடமைகளாகும். ஆனால் மீன்பிடிக் கலங்களுக்கு அச்சமவாயம் பொருந்தாது. பங்குக்குத் தொழில் செய்யும் மீனவர் தமது முதலாளி யாரென நிறுவுவதே கடினம்.

சட்டம் இருக்குமிடத்திலும் கடதாசி இல்லாதவனின் கோரிக்கை தோற்றுப் போகின்றது. விபத்துக் கப்பலின் நாட்குறிப்பிற் பதியப்படாவிட்டால், ஒப்பந்தத்தின் பிரதி கையில் இல்லாவிட்டால், மருத்துவ அறிக்கை பெறப்படாவிட்டால், முறிந்த காலுக்குச் சாட்சி அக்காலே என்ற பரிதாப நிலை உருவாகும். வாசிக்காமலே கையொப்பமிடும் விடுவிப்புப் பத்திரம் ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தையே அழித்துவிடலாம்.

எனவே, ஒவ்வொரு கரையோரக் கிராமத்திலும் கடலோடிகளின் ஒப்பந்தங்களையும் விபத்துகளையும் பதிந்து வைத்து வழிகாட்டும் ஏற்பாடொன்றைக் கடற்றொழிலாளர் சங்கங்களும் கோவில், பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஒன்றிணைந்து உருவாக்க வேண்டும். பங்கு மீனவரையும் உள்ளடக்கும் வகையில் சட்டத்தை விரிவாக்குவது அரசின் கடமையாகும். பதிவேட்டையும் தொழிலாளியையும் ஒருங்கே நேசித்த அந்தப் பெருமகனுக்கு நாம் செலுத்தக்கூடிய மெய்யான அஞ்சலி இதுவே.