புலவர் சரிதம் தந்த காசிச்செட்டி

மன்னாருக்குத் தெற்கே, கடலோரக் கற்பிட்டியில் 1807ஆம் ஆண்டு பிறந்தவர் சைமன் காசிச்செட்டி அவர்கள். இளமையிலேயே புத்தளத்தில் அரசாங்க மொழிபெயர்ப்பாளராய் அமர்ந்தார். 1834இல் இலங்கையின் ஊர்களை அகரவரிசையில் விளக்கும் ஆங்கில நூலொன்றை வெளியிட்டார். 1838 முதல் 1845 வரை சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாய் விளங்கி, பின்னர் சிலாபத்தில் நீதிபதியாகவும் கடமையாற்றினார்.

எனினும் அவர் பெயரை நிலைநிறுத்தியது 1859இல் யாழ்ப்பாணத்தில் அச்சேறிய ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் ஆங்கில நூலேயாகும். கிரேக்க ஆசிரியர் புளூட்டாக் வீரர், அரசியலாளர் சரிதங்களை எழுதினார். இவரோ தமிழ்ப் புலவர் சரிதங்களை எழுதினார். சிதறிக் கிடந்த செய்திகளைத் திரட்டி, ஏறக்குறைய இருநூறு புலவர்களை ஆங்கிலம் அறிந்தோர்க்கு அறிமுகஞ் செய்தார். தாம் கத்தோலிக்கராயினும் சைவ, வைணவ, சமணப் புலவர்களையும் பேதமின்றிப் போற்றினார். அவர் கூறிய காலக்கணக்குகளிற் சில பிற்கால ஆராய்ச்சியில் நிலைபெறவில்லை. ஆயினும், ஆராய்வார்க்கு முதற்படி அமைத்தவர் அவரே.

நூல் வெளிவந்த மறு ஆண்டே, 1860இல், அவர் மறைந்தார். சற்றுத் தாமதித்திருப்பின் அவர் திரட்டிய செல்வம் அவரோடே மறைந்திருக்கும். இளைஞர்களே! நம் ஊர்ப் புலவர்கள், அண்ணாவிமார் பற்றி முதியோர் அறிந்தவற்றை இன்றே கேட்டெழுதி வைப்போமாக. அதுவே அப்பெரியார்க்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.