தாய்வழி வந்த சோழன்

வம்சாவளி என்றால் அப்பா, அப்பாவுக்கு அப்பா என்றுதான் கோடு போடுவோம். அப்படிப் போட்டால் முதலாம் குலோத்துங்கன் சோழனே இல்லை!

அவன் அப்பா ராஜராஜ நரேந்திரன், வேங்கியை ஆண்ட கீழைச் சாளுக்கியர். அம்மா அம்மங்கைதேவியோ முதலாம் ராஜேந்திர சோழனின் மகள். நம்ம திருவொற்றியூர் கோயில் விமானம் கருங்கல்லில் எழுந்தது இந்தத் தாத்தா காலத்தில்தான். அப்பாவைப் பெற்ற பாட்டி குந்தவையும் முதலாம் ராஜராஜனின் மகளே. கட்டிய மனைவி மதுராந்தகி, தாய்மாமன் இரண்டாம் ராஜேந்திரனின் மகள். மூன்று தலைமுறையாகப் பெண் எடுத்த உறவு!

1070-இல் அதிராஜேந்திர சோழன் இறந்தான். மகள் வயிற்றுப் பேரன் அரியணை ஏறினான். ஏறத்தாழ 50 ஆண்டுகள் ஆண்டான். 1086-இல் நாட்டு நிலத்தை அளக்க வைத்தான். செயின் பிடித்து சர்வே பண்ணும் சிவில் நண்பர்கள் கவனிக்கவும்! அதே ஆண்டில்தான் இங்கிலாந்தில் முதலாம் வில்லியம் மன்னரும் நிலக்கணக்கு எடுத்தார்.

சுங்க வரியை நீக்கியதால் சுங்கம் தவிர்த்த சோழன் என்ற பேர் அவனுக்கு நிலைத்தது. ஹார்பர் பக்கம் வளர்ந்த நமக்கு அந்தப் பேரின் அருமையை விளக்க வேண்டுமா?

அரியணைக்கு வழி காட்டியது தாய்வழி உறவு. பேரைத் தந்தது அவன் செய்த வேலை.

எங்க குடும்பத்தில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான். தாத்தாவுக்கு மேலே யார் பேரும் தெரியாது. ஆனா, என் ஃபீஸுக்காகக் காதுத் தோட்டை அடகு வைத்த அம்மா இருக்காங்க. நான் போடுகிற கோடு அவங்ககிட்டேயிருந்துதான் தொடங்கும்.