ரத்த ரிப்போர்ட்டில் வரும் சி.ஆர்.பி... டி.என்.ஏ-வின் ரகசியம்... இரண்டும் ஒரே ஆய்வகத்தில்! யார் இந்த ஆஸ்வால்ட் ஏவரி?

நாலு நாளாக விடாத காய்ச்சல்னு டாக்டரிடம் போனால், டெஸ்ட் எழுதிக் கொடுக்கும் சீட்டில் பெரும்பாலும் ஒரு பெயர் இருக்கும்: சி.ஆர்.பி. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு தெரிந்துபோன பெயர் இது. உடம்பில் எங்கோ தொற்றோ அழற்சியோ இருந்தால் ரத்தத்தில் இந்தப் புரதம் எகிறும். இப்படி நோயைக் காட்டிக்கொடுக்கும் பொருளைத்தான் பயோமார்க்கர் என்கிறார்கள்.

சரி, அந்தப் பெயரில் இருக்கும் 'சி' எதைக் குறிக்கிறது? ஒரு பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்த சர்க்கரைப் பொருளுக்கு வைத்த அடையாள எழுத்து அது. அந்த பாக்டீரியாவோடு 30 வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டியவர் ஆஸ்வால்ட் ஏவரி.

கைவிரித்த டாக்டர்

1877-ல் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் பிறந்தவர் ஏவரி. அப்பா ஒரு பாப்டிஸ்ட் போதகர். ஏவரிக்குப் பத்து வயதாகும்போது குடும்பம் நியூயார்க்கில் குடியேறியது. 1892-ல் அப்பா இறந்துபோனார். கல்லூரியில் கார்னெட் வாசித்துக்கொண்டும், மேடையில் பேசிக்கொண்டும் இருந்த பையன், 1904-ல் கொலம்பியாவில் மருத்துவப் பட்டம் வாங்கினார்.

டாக்டராகச் சில வருஷம் வேலையும் பார்த்தார். ஆனால், தீராத நுரையீரல் நோயோடு வருகிறவர்களுக்கு அந்தக் கால மருத்துவத்தில் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. நோயாளி எதிரில் மூச்சுக்குத் திணறுகிறார், டாக்டரிடம் மருந்து இல்லை. இந்த இயலாமைதான் அவரை ஆய்வகத்துக்குத் தள்ளியது. 1907-ல் புரூக்ளினில் பாக்டீரியா ஆராய்ச்சிக்குள் நுழைந்தவர், 1913-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவன மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்.

சிறுநீரில் கிடைத்த துப்பு

அப்போது அமெரிக்காவில் அதிக உயிர்களைப் பறித்த நோய்களில் ஒன்று நிமோனியா. பென்சிலின் எல்லாம் வராத காலம். நிமோனியாவுக்கு முக்கியக் காரணமான நியூமோகாக்கஸ் பாக்டீரியாவைக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்து சீரம் எடுத்து நோயாளிக்கு ஏற்றினார்கள். இதில் ஒரு சிக்கல். நியூமோகாக்கஸில் பல வகைகள் உண்டு. ஒரு வகைக்கான சீரம் இன்னொரு வகைக்கு வேலை செய்யாது. அதனால், நோயாளிக்கு எந்த வகை தொற்றியிருக்கிறது என்று சீக்கிரம் கண்டுபிடிப்பது உயிர் காக்கும் விஷயம்.

1917-ல் ஏவரியும் சக ஆய்வாளர் டோஷேயும் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். இந்த பாக்டீரியா வளரும்போது, கரையக்கூடிய ஒரு பொருளை வெளியே விடுகிறது. அது நோயாளியின் ரத்தத்திலும் சிறுநீரிலும் வருகிறது. ஒவ்வொரு வகைக்கும் அந்தப் பொருள் தனித்தனி. அதாவது, சிறுநீரை வைத்தே எந்த வகை என்று சொல்ல வழி கிடைத்தது. இன்றைக்கும் மருத்துவமனைகளில் நிமோனியாவுக்குச் சிறுநீர் பரிசோதனை உண்டு. அதன் வேர் இங்கேதான்.

அந்தப் பொருள் என்ன? வேதியியலாளர் மைக்கேல் ஹைடல்பெர்கரோடு சேர்ந்து 1923-ல் விடை சொன்னார் ஏவரி. பாக்டீரியாவைச் சுற்றியிருக்கும் வழவழப்பான உறைதான் அது. சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பாலிசாக்கரைடு, அதாவது ஒரு பயோபாலிமர். நோய் எதிர்ப்பு மண்டலம் புரதத்தை மட்டும்தான் குறிப்பாக அடையாளம் காணும் என்று நம்பியிருந்த காலத்தில் இது பெரிய அதிர்ச்சி.

தனியாக ஊசி போட்டால் அந்தச் சர்க்கரை முயலின் உடம்பில் சரியாக எதிர்ப்பைத் தூண்டவில்லை. அதையே ஒரு புரதத்தோடு இணைத்துக் கொடுத்தால் தூண்டியது. ஏவரியும் கோபெலும் இதைக் காட்டினார்கள். 2017 முதல் இந்தியாவில் படிப்படியாக அரசு தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்ட குழந்தைகளுக்கான பி.சி.வி. தடுப்பூசியும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது.

'சி' வந்த கதை

1930-ல் ஏவரியின் ஆய்வகத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இருவர், நியூமோகாக்கஸிலிருந்து இன்னொரு சர்க்கரைப் பொருளைப் பிரித்து, 'சி' என்று பெயரிட்டிருந்தார்கள். நிமோனியா நோயாளிகளின் சீரத்தில் அதைக் கலந்தால் வீழ்படிவு உண்டானது. நோய் குணமானதும் அது நின்றுபோனது. சீரத்தில் இருந்த காரணகர்த்தா ஒரு புரதம் என்று பிறகு தெரிந்தது. 'சி'-யோடு வினைபுரியும் புரதம் என்பதால் சி-ரியாக்டிவ் புரோட்டீன். அதான் நம்ம ரிப்போர்ட்டில் வரும் சி.ஆர்.பி!

பெரிய கேள்வி

இதற்கிடையே லண்டனிலிருந்து ஒரு விசித்திரமான செய்தி. 1928-ல் ஃபிரெடரிக் கிரிஃபித், உறை இல்லாத, தீங்கு செய்யாத பாக்டீரியாவையும், சூடேற்றிக் கொன்ற உறையுள்ள பாக்டீரியாவையும் சேர்த்து எலிகளுக்குப் போட்டார். எலிகள் செத்தன. உள்ளே உயிரோடு இருந்தவை உறை போர்த்திய பாக்டீரியாக்கள். செத்ததிலிருந்து உயிருள்ளதுக்கு ஏதோ தாவியிருக்கிறது. அந்த மாற்றம் தலைமுறை தலைமுறையாகத் தொடரவும் செய்தது.

ஏவரி முதலில் இதை நம்பவில்லை. தன் ஆய்வகத்திலேயே அது உறுதியான பிறகு, அந்தத் தாவும் பொருளைத் தேட ஆரம்பித்தார். நடுவில் தைராய்டு நோய் வேறு படுத்தியெடுத்தது. காலின் மெக்லியோடும், பிறகு மெக்லின் மெக்கார்ட்டியும் துணைக்கு வந்தார்கள். புரதத்தைச் சிதைக்கும் நொதியைப் போட்டார்கள். மாற்றும் சக்தி போகவில்லை. ஆர்.என்.ஏ-வைச் சிதைக்கும் நொதியைப் போட்டார்கள். அப்போதும் போகவில்லை. டி.என்.ஏ-வைச் சிதைக்கும் நொதி பட்டதும் சக்தி காலி.

1944 பிப்ரவரியில் கட்டுரை வெளியானது. ஏவரிக்கு அப்போது 66 வயது. பரம்பரைத் தகவலைச் சுமப்பது புரதம்தான் என்று பெரும்பாலோர் நினைத்திருந்தபோது, ஆதாரங்கள் டி.என்.ஏ-வைக் கைகாட்டின. ஆனால், எதையும் கூட்டிச் சொல்லாத ஏவரி, 'மரபணு டி.என்.ஏ-வால் ஆனது' என்று அடித்துச் சொல்லவில்லை. அடக்கமாகத்தான் எழுதினார். அதே ராக்ஃபெல்லரில் இருந்த ஆல்ஃபிரெட் மிர்ஸ்கி, மாதிரியில் கொஞ்சம் புரதம் ஒட்டியிருக்கலாமே என்று விடாமல் சந்தேகம் எழுப்பினார்.

வராத நோபல்

1945-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கமும், 1947-ல் லாஸ்கர் விருதும் ஏவரிக்குக் கிடைத்தன. நோபலுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் கிடைக்கவில்லை. இன்னும் உறுதியாகட்டும் என்று தேர்வுக் குழு காத்திருந்தது.

ஏவரி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1948-ல், பாக்டீரியா ஆய்வாளரான தம்பி ராய் இருந்த நாஷ்வில் நகருக்குப் போய்விட்டார். 1952-ல் ஹெர்ஷி - சேஸ் சோதனை டி.என்.ஏ-தான் என்று இன்னொரு வழியில் காட்டியது. 1953-ல் வாட்சனும் கிரிக்கும் அதன் இரட்டைச் சுருள் வடிவத்தைச் சொன்னார்கள். ஏவரி சொன்னது சரி என்று உலகம் ஒப்புக்கொள்ளத் தொடங்கிய நேரத்தில், 1955 பிப்ரவரியில், கல்லீரல் புற்றுநோயால் அவர் இறந்தார். மறைந்தவர்களுக்கு நோபல் கொடுப்பதில்லை. 1962-ல் டி.என்.ஏ வடிவத்துக்காக மூன்று பேர் நோபல் வாங்கியபோது, அவர் போய் ஏழு வருஷம் ஆகியிருந்தது.

டி.என்.ஏ-வைத் தேடிக் கிளம்பியவர் இல்லை ஏவரி. நிமோனியா நோயாளியை எப்படிக் காப்பாற்றுவது என்ற ஒரே கேள்வியைக் கடைசிவரை விடாமல் பிடித்திருந்தார், அவ்வளவுதான். அடுத்தமுறை ரத்த ரிப்போர்ட்டில் அந்த 'சி'-யைப் பார்க்கும்போது, கைவிரிக்க வேண்டியிருந்ததைத் தாங்க முடியாத அந்த டாக்டர் ஞாபகத்துக்கு வரலாம்.