தாய்மாரைக் காக்கப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்பார்கள். அந்த மறுபிறப்பில் பிழைக்காமல் போன பெண்கள் எத்தனையோ பேர்!

கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று செங்கல்பட்டு மாவட்டக் கடலோரம் நெடுகிலும் மீனவர் குப்பங்கள் உண்டு. அங்கே ஏழைப் பெண் கருவுற்றால் அரசு உதவித்தொகை கிடைக்கிறது. அந்தத் திட்டத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயர். யார் அந்த அம்மையார்?

புதுக்கோட்டைப் பெண்

முத்துலட்சுமி 1886-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், கல்லூரி முதல்வர். தாயார் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர்.

பருவம் வந்ததும் பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடும் காலம் அது. முத்துலட்சுமியும் நின்றார். ஆனால் படிப்பு நிற்கவில்லை. வீட்டிலிருந்தே படித்துத் தேறினார். ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் 1904-ல் சேர விரும்பினார். எதிர்ப்புக் கிளம்பியது. புதுக்கோட்டை மன்னர் அனுமதி கொடுத்தார்.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-ல் டாக்டர் பட்டம் பெற்று வெளியே வந்தார். எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரியில் பணி புரிந்தார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

மருந்தால் தீராத நோய்

பிரசவம் பார்க்கும் டாக்டருக்கு ஓர் உண்மை தெரியும். உடல் முற்றாத சிறுமி கருவுற்றால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. அந்நாளில் பொம்மை வைத்து விளையாடும் வயதில் கல்யாணம் நடந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பிரசவம்!

ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தவளை டாக்டர் காப்பாற்றலாம். வராமலே வீட்டில் மடிந்தவளை யார் காப்பாற்றுவது? அதற்கு மருந்து போதாது, சட்டம் வேண்டும்.

1925-ல் அவர் இங்கிலாந்து சென்றார். பெண்கள், குழந்தைகள் நோய்களைப் பற்றி மேற்படிப்புப் படித்தார். திரும்பி வந்தவருக்குச் சென்னை சட்டசபையின் கதவு திறந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபைக்குள் நுழைந்த முதல் பெண் அவர்தான். துணைத் தலைவராகவும் எல்லோரும் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

சபையில் வைத்த வழக்கு

அடுப்பங்கரையில் அழுது முடித்த துயரத்தை அவர் சபைக்குக் கொண்டு வந்தார். குழந்தைகளுக்குத் தனி ஆஸ்பத்திரி கேட்டார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றார். பெண்ணின் மண வயது 16-க்குக் குறையக்கூடாது என்று தீர்மானம் கொண்டு வந்தார்.

1929-ல் வந்த சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 வயது என்றே வைத்தது. அவர் கேட்டதில் இரண்டு வயது குறைவு! ஆனாலும் கதவு திறந்துவிட்டது. இன்று பெண்ணின் திருமண வயது 18.

கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டும் வழக்கத்தையும் எதிர்த்தார். அதைத் தடுக்கும் சட்டம் 1947-ல் நிறைவேறியது. 1930-ல் காந்தியடிகள் கைதானபோது பதவியை உதறினார். ஆதரவற்ற பெண்களுக்கு அவ்வை இல்லம் அமைத்தார். 1954-ல் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி திறக்கவும் அவரே காரணம். 1968-ம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி, 81-ம் வயதில் காலமானார்.

எண்ணிக்கை சொல்லும் கதை

அவர் பெயரிலுள்ள உதவித்தொகை 2006-ல் 6,000 ரூபாயாகவும், 2011-ல் 12,000 ரூபாயாகவும் உயர்ந்தது. பிறகு 18,000 ஆயிற்று. பணம் தவணையாக வரும். கர்ப்ப காலப் பரிசோதனை, ஆஸ்பத்திரிப் பிரசவம், குழந்தைக்குத் தடுப்பூசி என்று ஒவ்வொன்றும் முடிய வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. உதவி பெறப் பெயர் பதிய வேண்டும். பதிந்தவளுக்கு ‘பிக்மி’ எண் கிடைக்கிறது. எந்த மாதம் யாருக்குப் பிரசவம், யாருக்கு ரத்தம் குறைவு என்பது கிராம சுகாதார செவிலியருக்குத் தெரிகிறது. பரிசோதனைக்கு வராதவளை அவரே தேடிப் போகலாம். சிக்கல் என்றால் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம்.

பலன் என்ன? தமிழ்நாட்டில் 1971-ல் பிறந்த 1,000 குழந்தைகளில் 113 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. 2020-ல் அது 13. பிரசவத்தால் இறந்த தாய்மார், லட்சம் பிறப்புக்கு 2004-06-ல் 111 பேர். 2018-20-ல் 54 பேர். மருத்துவம், படிப்பு, சாலை, சத்துணவு எல்லாம் சேர்ந்து செய்த வேலை இது.

ஆனால் அந்த 54 பேரும் யாரோ ஒருவர் வீட்டு மகள்தான். உங்கள் தெருவில் ஒரு பெண் கருவுற்றிருந்தால், செவிலியரிடம் பெயர் பதிந்தாயிற்றா என்று கேளுங்கள். பதிவேட்டில் விட்டுப்போகும் ஒரு பெயர், ஓர் உயிராக இருக்கலாம்!